ஜெயித்த அணியைக் கீழே இறக்கிய கதை

2019 மார்ச் 9. கோவை நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று சென்னை சிட்டி எஃப்சி ஐ-லீக் கோப்பையைத் தூக்கியது. 43 புள்ளி. ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதல். காலடிப்பேட்டையில் ஒரு செல்போனைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்து பார்த்தோம். (காலட் என்ற வெள்ளைக்கார கவர்னர் பெயரில் நெசவாளர்களுக்காக உருவான ஊர் இது. பெயரில் உள்ள 'காலடி'க்கும் பந்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் சம்பந்தம் இருப்பதாகச் சொல்லிக்கொள்வது எங்களுக்குப் பிடிக்கும்.)

அதே சீசனில் ஐ.எஸ்.எல்-லில் ஆடிய நம்ம ஊரின் இன்னொரு அணி, சென்னையின் எஃப்சி, 18 ஆட்டத்தில் வெறும் 9 புள்ளி எடுத்துக் கடைசி இடத்தில் நின்றது.

இப்போது சொல்லுங்கள் தோழர்களே, இந்த இரண்டில் எது கீழே இறங்கியிருக்க வேண்டும்?

இத்தாலியில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கடைசி மூன்று இடத்துக்கு வந்தால் இறங்கித்தான் ஆகவேண்டும். 2006-ல் யுவெண்டஸையே, நடுவர் நியமனத்தில் விளையாடியதற்காக, இரண்டாம் டிவிஷனுக்குத் தள்ளினார்கள். நாப்போலி 2004-ல் திவாலாகி மூன்றாம் டிவிஷனில் கிடந்தது. நம்மைப் போலவே துறைமுக ஊர் அது. பணக்கார வடக்கத்தி ரசிகர்கள் 'அழுக்குப் பசங்க, காலரா பசங்க' என்று மைதானத்திலேயே கத்துகிற ஊர். படிப்படியாக ஏறி வந்து 2023-ல் அந்த நாப்போலி இத்தாலியின் சாம்பியன். இறங்குவதற்குப் படி இருந்தது, அதனால் ஏறுவதற்கும் இருந்தது.

இங்கே நடந்தது வேறு. 2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஐ.எஸ்.எல்-லை நாட்டின் முதல் நிலை லீக்காக ஏற்றுக்கொண்டது. ஐ-லீக் இரண்டாம் நிலை ஆனது. கோப்பை வென்ற ஏழே மாதத்தில் சாம்பியனுக்கு ரெலிகேஷன்! கடைசியில் நின்ற அணி மேலேயே இருந்தது. 2014 முதல் 2025 வரை 11 ஐ.எஸ்.எல் சீசன்களில் ஒரு அணிகூடக் கீழே இறக்கப்படவில்லை. 2023-24-ல் 22 ஆட்டத்தில் ஒன்றே ஒன்று ஜெயித்த ஐதராபாத்தும் அடுத்த ஆண்டு அங்கேயே ஆடியது.

1920-ல் 'மூக்நாயக்' முதல் இதழில் அண்ணல் அம்பேத்கர் இந்து சமூகத்தைப் படிக்கட்டு இல்லாத அடுக்குக் கோபுரத்துக்கு ஒப்பிட்டார். எந்த அடுக்கில் பிறந்தாயோ அங்கேயே சாவு. கால்பந்தைச் சாதியோடு முடிச்சுப் போடுகிறோம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். கட்டணம் கட்டி மேல்தளம் வாங்கியவன் விழமாட்டான், ஆடி ஜெயித்தவன் ஏறமாட்டான் என்றால் அதற்கு வேறு என்ன பெயர் வைப்பது?

ஐ.எஸ்.எல் வந்த பிறகுதான் வீரர்களுக்கு நல்ல சம்பளம் கிடைத்தது என்கிறார்கள். உண்மைதான். வியாசர்பாடி தன்பால் கணேஷ் அந்த வழியில் வளர்ந்து இந்திய அணிவரை போனார், எங்களுக்குப் பெருமை. பிறகு பஞ்சாபும் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் ஐ-லீக் வென்று மேலே போகவும் முடிந்தது. ஆனால் அந்தக் கதவு 2023-ல்தான் திறந்தது. சென்னை சிட்டி அதற்குள் காணாமல் போய்விட்டது. 2021-22 ஐ-லீக்கில் அந்தப் பெயரே இல்லை. நிர்வாகத்தின் மீதும் தப்பு உண்டு, மறுக்கவில்லை. உரிம நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டியது அவர்கள்தான். ஆனால் ஏற வழியே இல்லாத அணியில் எவன் பணம் போடுவான்?

வடசென்னையில் பந்து என்பது வேலை. ஐ.சி.எஃப், துறைமுகம், இந்தியன் வங்கி, கஸ்டம்ஸ் என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் உள்ளே போனவர்களால்தான் பல குடிசைகள் காரை வீடாயின. சென்னை லீக்கில் கீழ் டிவிஷனிலிருந்து ஆடி ஆடி மேலே வந்தால் யாராவது ஒரு அதிகாரி கண்ணில் படுவோம் என்ற நம்பிக்கையில்தான் பையன்கள் ஷூவுக்குக் கடன் வாங்குகிறார்கள். அந்த வேலைகளும் சுருங்கிவிட்டன.

ஒதுக்கீட்டு வேலையையும், ஐ.எஸ்.எல்-லில் கீழிறக்கத்தையும் சேர்த்தே கேட்போம். எங்கள் பையன்களுக்குத் தோற்பதில் பயமில்லை. போன ஆட்டத்தில்கூட நாலு கோல் வாங்கிவிட்டு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து பிரியாணி கேட்டார்கள்.