டொலர் என்ன, மழையா?

"டொலர் ஏறிட்டுதாம்" என்று எங்கட வீடுகளில் சொல்லும் தொனியைக் கவனியுங்கள். மழை வரப்போகுது என்று சொல்கிற அதே தொனி. இதைவிட எரிச்சலூட்டுவது படித்தவர்களின் விளக்கம்: அமெரிக்கர்கள் உழைக்கிறார்கள், சொன்ன சொல் காக்கிறார்கள், அதனால் அவர்களின் காசுக்கு மதிப்பு, நாங்கள் சோம்பேறிகள், அதனால்தான் ரூபா விழுகுது.

சொன்ன சொல்லா? சரி, அதையே பார்ப்பம்.

1944 ஜூலையில் 44 நாடுகளின் பிரதிநிதிகள் அமெரிக்காவின் பிரெட்டன் வூட்ஸில் ஒரு ஹோட்டலில் கூடினார்கள். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத 'பாங்கோர்' என்ற சர்வதேச நாணயத்தை பிரித்தானியாவின் கெய்ன்ஸ் ஏற்கெனவே முன்மொழிந்திருந்தார். எடுபடவில்லை. உலகத் தங்கத்தின் பெரும்பகுதி அமெரிக்காவிடம் கிடந்தது; வைத்திருந்தவன் சொன்னது நடந்தது. மற்ற நாணயங்கள் டொலரோடு கட்டப்பட்டன, டொலர் தங்கத்தோடு. எந்த நாட்டு அரசு டொலரைக் கொண்டுவந்தாலும் அவுன்ஸ் 35 டொலர் கணக்கில் தங்கம் தருவோம் என்பது வாக்கு. இலங்கை அந்தக் கூட்டத்தில் இல்லை, அப்போது நாங்கள் கொலனி.

பிறகு வியட்நாம் யுத்தம் உட்பட எல்லாத்துக்கும் டொலர் தாராளமாக வெளியே போனது. 1960களில் வெளிநாடுகளிடம் இருந்த டொலருக்கு ஈடாகக் கொடுக்க அமெரிக்காவிடம் தங்கம் போதவில்லை. பிரான்ஸ் டொலரைக் கொடுத்துத் தங்கத்தை வாங்கத் தொடங்கியது. 1971 ஆகஸ்ட் 15, ஞாயிற்றுக்கிழமை இரவு, நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றி, இனித் தங்கம் தரமாட்டோம் என்றார். தற்காலிகமாகத்தானாம்! அரை நூற்றாண்டு தாண்டியும் அந்தத் 'தற்காலிகம்' முடியவில்லை.

அதற்குப் பெயர் 'கொள்கை மாற்றம்'. 2022 ஏப்ரல் 12இல் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்றபோது பெயர் 'வங்குரோத்து'.

இரண்டும் ஒன்றல்ல என்று பொருளியல் படிக்கும் நண்பர்கள் பாய்வார்கள். உண்மைதான், ஒன்றல்ல. அமெரிக்கா கடன்பட்டிருப்பது தானே அச்சடிக்கும் காசில். எங்களால் டொலர் அச்சடிக்க ஏலாது. கொழும்புக் கடலில் எரிபொருள் கப்பல் வந்து நின்றும் இறக்க டொலர் இல்லாமல் கிடந்தது இதனால்தான். இதில் உழைப்பு எங்கே வருகுது?

அந்தத் தாளையும் ஒருக்கால் பாருங்கள். 1929 முதல் எல்லாப் பெறுமதிக்கும் ஒரே அளவு. ஒரு டொலரையும் நூறு டொலரையும் அளவை வைத்து விரலால் பிரித்தறிய முடியாது. இது பார்வையற்றோருக்கு எதிரான பாகுபாடு என்று 2008இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றமே சொன்னது. அளவு மாறவில்லை. நாங்கள் ஏளனம் செய்கிற எங்கட ரூபாத் தாளோ பெறுமதிக்கேற்ப நீளம் கூடுகிறது.

இதைச் சொல்வது எங்கட ஆட்சியாளர்களைக் காப்பாற்ற அல்ல. 2007இல் 50 கோடி டொலருக்கு முதலாவது சர்வதேசப் பிணைமுறியை விற்றதும், அதற்குப் பிறகு விற்றுக்கொண்டே போனதும், 2019இல் வரியை வெட்டியதும், டொலரை 200 ரூபாவில் பிடித்து வைத்து வெளிநாட்டுக் காசையெல்லாம் உண்டியலுக்குத் தள்ளியதும் அவர்கள்தான். பிடியை விட்டதும் டொலர் 360 வரை போனது. அந்தக் கையெழுத்துகளைப் போட்டவர்களிடம் கேளுங்கள். வெயிலில் காஸ் வரிசையில் நின்ற சனத்துக்குச் சோம்பேறித்தனம் பற்றி வகுப்பெடுக்க வேண்டாம்.