அணைக்கக் கூடாத விளக்கு

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் ஒரு கணக்கு மீண்டும் மீண்டும் வரும். இறைவன் திருமுன் இரவும் பகலும் எரியும் ஒரு திருவிளக்குக்கு 96 ஆடுகள். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். மூத்துச் சாகும் ஆட்டின் இடத்தைக் குட்டி நிரப்பிவிடும் என்பதால் அவற்றுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். நெய்ச் செலவுக்கு அஞ்சி விளக்கை அணைக்க அந்நாளில் எவரும் எண்ணவில்லை. எந்த விளக்குக்கு எவ்வளவு செல்லும் என்பதை அளந்து, அதற்கு வழிசெய்து வைத்தார்கள்.

மின்கட்டணத்தைக் கண்டு கலங்கும் முதியோர் பலர் அளப்பதற்கு முன்பே அணைத்துவிடுகிறார்கள். மேற்கு மாம்பலத்தில் ஓர் அடுக்ககத்தில் வசிக்கும் ஓய்வூதியத் தம்பதியின் இல்லத்திலும் அதுவே நிகழ்ந்தது. கார்த்திகை மாதக் கணக்கெடுப்பில் அளவி 500 அலகைச் சற்றே தாண்டியிருந்தது. பெரியவர் அன்றே கட்டளையிட்டார். இரவு எட்டு மணிக்குமேல் கூடத்தில் ஒரே விளக்கு. நடைவழியில் எரிந்த சிறு இரவுவிளக்கும் வேண்டாம். மின்விசிறி இரண்டாம் எண்ணுக்குமேல் சுழலக் கூடாது.

மார்கழி பிறந்தது. அம்மையார் வழக்கம்போல் நான்கு மணிக்கு எழுந்து, இருளில் சுவரைத் தடவிக்கொண்டு குளியலறைக்குச் சென்றார். நிலைப்படி இடறியது, ஊன்றிய கையின் மணிக்கட்டு முறிந்தது. “விளக்கைப் போட்டிருக்கலாமே” என்று பதறிய கணவரிடம், “நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள்” என்று மட்டும் சொன்னார். அவ்வேளையில் குளியலறையில் வெந்நீர்க் கலத்தின் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அது முதல்நாள் மாலையே போடப்பட்டது.

கட்டுப்போட்டு வீடு திரும்பிய பிறகுதான் பெரியவர் கையேட்டை எடுத்துக்கொண்டு அமர்ந்தார். அரை வாட் எல்.இ.டி. இரவுவிளக்கு, இரவுக்குப் பத்து மணி நேரமாக அறுபது இரவுகள் எரிந்தாலும், ஓர் அலகில் மூன்றிலொரு பங்கைத் தொடாது. 15 லிட்டர் நீரை நன்கு சூடாக்க மட்டும் அரை அலகுக்குமேல் செல்லும். இருவர் குளிப்பதற்கு நாளொன்றுக்கு ஓர் அலகு என்று கொண்டால் இரண்டு மாதத்தில் 60 அலகு. நீர் சூடேறியதும் கலம் தானே நின்றுவிடும் என்பது உண்மையே. ஆனால் இரவெல்லாம் நீர் ஆறும். ஆற ஆற அது மீண்டும் மீண்டும் இயங்கும். குளிப்பதற்குக் கால்மணி நேரம் முன்பு போட்டு, ஒருவர்பின் ஒருவராகக் குளித்து, உடனே நிறுத்துவதே சிக்கனம்.

மின்விசிறியிலும் பெரியவரின் கட்டளை பிழைத்தது. அவர் வீட்டிலிருந்தது பெட்டிபோன்ற பழைய வேகக்கட்டுப்படுத்தி. வேகத்தைக் குறைத்தால் மிச்சமாகும் மின்சாரத்தில் பெரும்பங்கை அப்பெட்டியே வெப்பமாக வீணாக்கிவிடும். புழுக்கத்தில் வாடியதுதான் கண்ட பலன். பழைய விசிறி ஏறக்குறைய 75 வாட் கொள்ளும், பி.எல்.டி.சி. வகை விசிறிக்கு முழு வேகத்திலும் 30 வாட் அளவே போதும். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் சுழன்றால் இரண்டு மாதத்தில் 27 அலகு மிச்சம். விலை சற்றுக் கூடுதல்தான். ஆகவே நெடுநேரம் சுழலும் படுக்கையறை விசிறியை மட்டும் முதலில் மாற்றலாம். கோடையில் முதியோர் விசிறியை நிறுத்திச் சிக்கனம் பார்ப்பது உடலுக்கே கேடு.

தமிழகத்தில் அந்த 500 என்னும் எல்லையை அறிந்து வைத்திருப்பது நல்லது. 2022 செப்டம்பரில் வந்த விகிதப்படி இரண்டு மாதத்துக்கு 500 அலகு செலவிட்ட வீட்டுக்குக் கட்டணம் 1,725 ரூபாய். 501 அலகானால் 1,958 ரூபாய். இரண்டாம் நூறு அலகுக்குரிய சலுகை, எல்லையைத் தாண்டியதும் நீங்கிவிட்டதே காரணம். அந்த ஓர் அலகின் விலை 233 ரூபாய்! விகிதங்கள் பின்னர் மாறியுள்ளன. எனினும் கணக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பே அளவியைப் பார்த்துக் குறித்துக்கொள்வோர் இத்தகைய வியப்புக்கு ஆளாவதில்லை.

தண்ணீர்க் கணக்கு இன்னும் மறைவானது. சென்னையில் பெரும்பாலான வீடுகளில் குடிநீருக்கு அளவி இல்லை; எனவே வீணாகும் நீருக்கு விலையில்லை என்று தோன்றும். அந்த விலை, நீரை மேலேற்றும் மோட்டாரின் மின்கட்டணத்திலும், கோடையில் லாரிக்காக அடுக்ககத்தார் பகிர்ந்துகொள்ளும் தொகையிலும் மறைந்திருக்கிறது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ ஓர் அலகு. தொட்டி நிரம்பி வழிகையில் நீரும் மின்சாரமும் சேர்ந்தே வழிகின்றன.

காஞ்சியில் அத்திவரதர் அனந்தசரஸ் திருக்குளத்திலிருந்து எழுந்தருளிய 2019ஆம் ஆண்டை இவ்விதழ் வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். அதே கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு கிடந்தன. குடங்களுடன் லாரிக்குக் காத்து நின்றவர்களுள் முதியோரும் இருந்தனர். நொடிக்கு ஒரு துளி சிந்தும் குழாயின்கீழ் 15 லிட்டர் வாளியை வைத்தால், ஒரு நாளில் அது நிரம்பி வழியும். பத்து ரூபாய் வாஷரில் தீர்வது இது. கழிவறை நீர்த்தொட்டியின் கசிவோ கண்ணுக்குத் தெரியாது. இரவில் அத்தொட்டியில் சிறிது சலவை நீலம் கரைத்துவிட்டு, காலையில் எவரும் பயன்படுத்துமுன் பார்த்தால், கிண்ணத்தில் நீலம் படிந்திருப்பது கசிவைக் காட்டிக்கொடுக்கும்.

ஆர்.ஓ. கருவி ஒரு குடம் நல்ல நீர் தருவதற்கு இரண்டு மூன்று குடம் கழித்துத் தள்ளுகிறது. அது உப்பு மிகுந்தது, துளசிக்கு ஊற்றலாகாது. தரை துடைக்கவும் கழிவறைக்கும் உதவும். துளசி மாடத்துக்கு அரிசி களைந்த நீரே ஏற்றது. வீட்டில் செய்யும் திருமஞ்சன நீரை, சாக்கடையில் விடாமல், கால்படாத செடியடியில் சேர்ப்பது பல இல்லங்களில் தொன்றுதொட்ட வழக்கம்.

மாசி மாதக் கணக்கெடுப்பில் அத்தம்பதியின் இல்லத்தில் அளவி 438 அலகு காட்டிற்று. அம்மையார் வலக்கையால் மீண்டும் திருவிளக்கு ஏற்றத் தொடங்கிவிட்டார். நடைவழியில் அரை வாட் விளக்கு எரிகிறது. மறந்தும் எவரும் அணைத்துவிடாதபடி, அதன் பொத்தான்மேல் பெரியவர் ஓர் ஒட்டுநாடாவை ஒட்டி வைத்திருக்கிறார்.