கல்லாச் சாவி நம்மிடம், ரூட்டர் பாஸ்வேர்டு யாரிடம்?



மாத முதல் வாரம், கடை நிறையக் கூட்டம். அந்த நேரம் பார்த்து இரண்டாவது கவுண்டர் கம்ப்யூட்டர் 'சர்வர் கிடைக்கவில்லை' என்று நின்றுவிடுகிறது. சர்வீஸ் ஆளுக்குப் போன் போடுகிறோம். மாலையில் வருகிறார், ஏதோ தட்டுகிறார், பணம் வாங்கிக்கொண்டு போகிறார். என்ன பழுது என்று நாமும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. தராசில் பத்து கிராம் கூடினால் கண்டுபிடிக்கிற நாம் இதில் மட்டும் ஏன் இப்படி?

இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கடையில் உள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு எண் முகவரி வேண்டும். மண்டி வாசலில் லாரிகளுக்கு டோக்கன் கொடுப்பதுபோல ரூட்டர் பெட்டி அதைத் தானாக வழங்குகிறது. 1993இல் வகுக்கப்பட்ட இந்த முறைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். டோக்கன் கிடைக்காவிட்டால் விண்டோஸ் தானாகவே 169.254 என்று தொடங்கும் எண்ணைப் போட்டுக்கொள்ளும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு சர்வரையும் எட்ட முடியாது, இணையத்தையும் எட்ட முடியாது. விண்டோஸ் பட்டனோடு 'ஆர்' எழுத்தை அழுத்தி, சி.எம்.டி. திறந்து, 'ஐபிகான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் எண் தெரிந்துவிடும். 169.254 என்று இருந்தால், மதர்போர்டு போய்விட்டது என்று யார் சொன்னாலும் உடனே நம்ப வேண்டாம்.

முதலில் ஒயரையும் சுவிட்ச் பெட்டியையும் பாருங்கள். மளிகைக் கடையில் எலிக்குப் பஞ்சமில்லை; பரணில் ஓடும் ஒயரைக் கடித்து வைத்திருக்கும். பக்கத்துக் கவுண்டர் ஓடுகிறதே என்று ரூட்டர் மேல் சந்தேகப்படாமல் இருந்துவிடாதீர்கள். காலையிலேயே டோக்கன் வாங்கிய கம்ப்யூட்டர் அது தீரும்வரை ஓடிக்கொண்டுதான் இருக்கும். செல்போனில் வைஃபையை அணைத்துப் போட்டுப் பாருங்கள். அதற்கும் முகவரி கிடைக்காவிட்டால் கோளாறு ரூட்டரில்.

இன்னொரு காரணம் நாமே வரவழைத்துக்கொள்வது. வைஃபை பாஸ்வேர்டைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் கடைகள் உண்டு. பல ரூட்டர்களில் நூறு டோக்கன் அளவில்தான் இருக்கும். ஒருமுறை கொடுத்தால் 24 மணி நேரம் வரை திரும்ப வராது. ஐந்து நிமிடம் நின்று பருப்பு வாங்கிப் போனவரின் செல்போன் மறுநாள் வரை ஒரு டோக்கனைப் பிடித்து வைத்திருக்கிறது. வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுத்தே தீர வேண்டுமென்றால் 'கெஸ்ட்' இணைப்பைத் தனியாகப் பிரித்துக் கொடுங்கள். பில் போடும் இணைப்பில் வெளியார் நுழைவது எந்த வகையிலும் நல்லதல்ல.

எனக்கு உள்ள பெரிய ஆட்சேபம் அவசர வைத்தியத்தின் மேல்தான். சில சர்வீஸ் ஆட்கள் கம்ப்யூட்டரில் ஒரு எண்ணைக் கையால் எழுதி வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ரூட்டருக்கு அது தெரியாது. அதே எண்ணை வேறொரு செல்போனுக்கு அது கொடுக்கும்போது இரண்டும் மோதிக்கொள்ளும். இணையக் கம்பெனி ரூட்டரை மாற்றினாலோ 192.168.1 என்ற வரிசை 192.168.0 ஆகிவிடலாம், பழைய எண் ஒன்றுக்கும் உதவாது. சர்வருக்கும் பில் பிரிண்டருக்கும் ரூட்டரிலேயே எண்ணை ஒதுக்கித் தரச் சொல்லுங்கள். அதற்கு ரூட்டரின் பாஸ்வேர்டு வேண்டும், அதுவோ பெரும்பாலும் வந்து போகும் ஆளிடம்தான் இருக்கிறது. கேட்டு வாங்கிக் கணக்கு நோட்டில் எழுதி வையுங்கள்.

ஆள் வரும்வரை வியாபாரத்தை நிறுத்த வேண்டியதில்லை. ஜி.எஸ்.டி. பில்லைக் கையால் எழுதவும் சட்டம் இடம் தருகிறது. தனி வரிசை எண்ணோடு ஒரு பில் புத்தகம் கல்லாவில் இருக்கட்டும். ஆண்டு விற்பனை 5 கோடிக்கு மேல் உள்ள மொத்த வியாபாரிகளுக்கு மட்டும் இது போதாது. பதிவு பெற்ற வியாபாரிக்கு விற்கும்போது 2023 ஆகஸ்ட் முதல் அவர்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம். அதை அன்றைக்குச் செல்போன் ஹாட்ஸ்பாட் வழியாகப் போட்டுக்கொள்ளலாம்.