பைபாஸுக்குப் பிறகு மாத்திரையை மாற்றுவது யார்?

மத்தூர், ஊத்தங்கரைப் பக்கம் நெஞ்சுவலி என்றால் முதலில் கிருஷ்ணகிரிக்கு ஓடுகிறோம். பைபாஸ் வரை போனால், பலருக்கு ஓசூரைத் தாண்டி பெங்களூருதான். அறுவை சிகிச்சை அங்கே முடிந்துவிடுகிறது. ஆனால் அதன்பின் ஆண்டுக்கணக்கில் விழுங்க வேண்டிய மாத்திரையை உள்ளூர் மருந்துக்கடையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோதான் வாங்குகிறோம். மெட்டோபுரோலால், அட்டெனொலால், கார்வெடிலால், நெபிவொலால் ஆகிய பீட்டா பிளாக்கர்கள் எல்லாமே நம் வழக்கில் 'பிரஷர் மாத்திரை'தான். அதனால் ஒன்று கிடைக்காதபோது இன்னொன்றை வாங்குவதும், பிரஷர் இறங்கியதும் நிறுத்துவதும் தவறாகவே தோன்றுவதில்லை. இது பெரிய தவறு. இதயத்தில் எந்த ரத்தக்குழாயை வைத்துத் தைத்தார்கள் என்பதையும் எந்த மாத்திரை கொடுத்தார்கள் என்பதையும் ஒரே சிகிச்சையாகப் பார்த்தாக வேண்டும்.

பைபாஸுக்குக் காலிலிருந்து எடுக்கும் சிரையைவிட மார்பின் உட்புறத் தமனி நீடித்து உழைக்கிறது. பத்தாண்டு கழித்தும் பத்தில் ஒன்பது அடைபடாமல் இருக்கும். முன்கையிலிருந்து எடுக்கும் ரேடியல் தமனியின் கதை வேறு. அதன் சுவரில் தசை அதிகம், சட்டென்று இறுகிக்கொள்ளும். 1970களில் பிரான்சில் இதய அறுவை மருத்துவர் கார்பெந்தியே அதைப் பயன்படுத்திப் பார்த்துக் கைவிட்டதற்கு இந்த இறுக்கமே முக்கியக் காரணம். தில்டியாசெம் போன்ற தளர்த்தும் மருந்துகளின் துணையோடு 1990களில் அது திரும்பி வந்தது. ஆறு ஆய்வுகளின் 1,036 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டுக் கட்டுரை, கால் சிரையைவிட ரேடியல் தமனியே நன்றாகத் திறந்திருக்கிறது என்று காட்டியது. ரேடியல் தமனியின் தசையை ஆல்ஃபா ஏற்பிகள் இறுக்குகின்றன, பீட்டா ஏற்பிகள் தளர்த்துகின்றன. அப்படியானால் பீட்டாவை அடைக்கும் மாத்திரை தமனியை இறுக்கிவிடாதா? நியாயமான அச்சம்தான். இதைச் சோதிக்க, அறுவையில் மிஞ்சிய தமனித் துண்டைச் சில மில்லிமீட்டர் வளையமாக நறுக்கி, உடல் வெப்பத்தில் ஆக்சிஜன் ஊட்டிய உப்புக் கரைசலில் கொக்கிகளுக்கு இடையே மாட்டி, மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து இழுவிசையை அளக்கிறார்கள். குவோ-வெய் ஹேயும் உடன் ஆய்வாளரும் 1998இல் வெளியிட்ட முடிவு: ரேடியல் தமனியில் ஆல்ஃபாவின் ஆட்சிதான், பீட்டாவின் பங்கு மிகக் குறைவு. எனவே பீட்டாவை அடைப்பதால் தமனி இறுகிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. கார்வெடிலால் ஆல்ஃபாவையும் அடைக்கிறது. நெபிவொலால் ரத்தக்குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கச் செய்கிறது. ஆகவே இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. அதே சமயம், கண்ணாடிக் கலத்தில் ஒரு வளையம் தளர்ந்ததை மட்டும் வைத்து, விலை கூடிய மாத்திரையை எல்லோருக்கும் எழுதவும் கூடாது.

மாரடைப்பு வந்து, இதயத்தின் பம்ப் செய்யும் திறன் கெடாமல் இருப்பவர்களுக்கு பீட்டா பிளாக்கரால் பயனில்லை என்று 2024இல் சுவீடன் தலைமையிலான ஆய்வு சொன்னதே, பிறகு ஏன் விழுங்க வேண்டும் என்று கேட்கலாம். அந்த ஆய்வு முக்கியமாக பைபாஸ் நோயாளிகளைப் பற்றியதல்ல. பைபாஸ் முடிந்த முதல் சில நாட்களில் பலருக்கு வரும் ஒழுங்கற்ற துடிப்பைத் தடுக்க இந்த மாத்திரை உதவுகிறது. நீண்ட நாள் தேவையில்லை என்று மருத்துவர் முடிவு செய்தாலும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். திடீரென நிறுத்தினால் துடிப்பு எகிறும், நெஞ்சுவலி திரும்பும், மாரடைப்பே வரலாம். எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. ரேடியல் தமனிக்காக தில்டியாசெம் சாப்பிடுகிறவருக்கு, அது தெரியாமல் பீட்டா பிளாக்கரின் அளவைக் கூட்டினால் நாடித்துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். இரண்டும் இதயத்தை மெதுவாக்குபவை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீட்டு வாசலுக்கு மாத்திரை வருகிறது. அதோடு இந்தத் தகவலும் வர வேண்டும். எந்தத் தமனி, எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், நாடி எவ்வளவுக்குக் கீழே போனால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டோடு தமிழில் அரைப்பக்கம் போதும். தமிழக அரசுக் காப்பீட்டில் சேர்ந்த மருத்துவமனைகளுக்கு இதை நிபந்தனையாக்கலாம். பெங்களூரில் செய்துகொண்டு வருபவர்களுக்குக் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே எழுதித் தரலாம். கிராமச் செவிலியரால் இதையெல்லாம் முடிவு செய்ய முடியுமா என்றால், அவர் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. சீட்டில் உள்ள பெயரும் கையில் உள்ள மாத்திரை அட்டையும் ஒன்றா என்று பார்த்து, இல்லையென்றால் மருத்துவருக்குப் போன் செய்தால் போதும். அதற்கு முன், சீட்டில் எழுதிய மாத்திரை மத்தூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதாமாதம் இருப்பில் இருப்பதை அரசு உறுதி செய்யட்டும்.