நிரல் தமிழனது, உரை எவனது?

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை 1801 மே 24-இல் வீழ்ந்தது. 1799-இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலேற்றிய ஆங்கிலக் கும்பினி, அவன் இளவல் ஊமைத்துரை மீண்டும் எழுப்பிய அக்கோட்டையை இடித்து மண்ணோடு மண்ணாக்கிற்று. அம்மண்ணை உழுது ஆமணக்கு விதைத்தது. அப்போதேனும் அதன் சினம் தணிந்ததா? இல்லை! ஊரின் பெயரையே பதிவேடுகளினின்று நீக்கிற்று. நிலத்தைப் பறித்தவன் அடுத்துக் கைவைப்பது ஏட்டின் மேல்தான்.

அன்று பகைவன் செய்ததை இன்று தமிழனே தனக்குச் செய்துகொள்கின்றான். களம் மட்டுமே வேறு. அது கணினிக் களம்.

கணினிக்கு இடும் கட்டளைத் தொகுதி நிரல் எனப்படும். அதனிடையே கணினி படியாது கடந்துபோகும் வரிகள் உண்டு. அவை மாந்தர்க்கென எழுதப்படும் விளக்கவுரைகள். பலர் பல ஊர்களிலிருந்து ஒரே மென்பொருளை ஆக்குங்கால், இப்பகுதி எதனைச் செய்யும், எதனைப் பெறும், எதனைத் திருப்பித் தரும் என அடுத்தவர்க்கு உணர்த்துவது அவ்வுரையே. அதனை ஒரே நடையில் எழுத வேண்டும் என்பதில் எவர்க்கும் மாறுபாடில்லை. எந்நடை என்பதிலேதான் வழக்கு. சாவா நிரல்மொழியார் வகுத்த வடிவமா, பைத்தான் நிரல்மொழியார் வகுத்த வடிவமா எனத் தமிழிளைஞர் சொற்போரிடுவர். எம்மொழியில் என்னும் கேள்வி மட்டும் பெரும்பாலும் எழுவதே இல்லை! ஆங்கிலம் என்பது கேளாமலே ஒப்புக்கொண்ட அடிமை முறியாகிவிட்டது.

கேட்டால், 2001-இல் வெளிவந்த பைத்தான் நடைவிதியைக் காட்டுவர். ஆங்கிலம் பேசா நாட்டினரும் உரைக்குறிப்பை ஆங்கிலத்திலேயே எழுதுக என்கிறது அது. தம் மொழி அறியாதார் எவரும் அந்நிரலைப் படியார் என்பது 120 விழுக்காடு உறுதியாயின் மட்டும் விலக்குண்டாம். நன்று! அவ்விதிப்படியே வழக்கைத் தீர்ப்போம். சந்திப்பிழை திருத்தும் நிரலில் தமிழறியாதவன் எதனைத் திருத்துவான்? வேற்றுமையுருபு இன்னதென அறியாதவன் சொற்பகுப்பு நிரலில் எதனைப் பகுப்பான்? தமிழுக்கென ஆக்கும் மென்பொருளைத் தொடுவோன் தமிழறிந்தவனாகத்தானே இருத்தல் வேண்டும்? எனின், அவ்வுரை எவன் பொருட்டு ஆங்கிலத்தில் நிற்கின்றது?

தமிழில் அதற்கு நடை ஏது என்பர் சிலர். உரையெழுதுவதைத் தமிழனுக்கா கற்பிப்பது? இளம்பூரணர் முதலானோர் உரையன்றோ தொல்காப்பியத்தை இன்றும் நமக்கு விளக்கி நிற்கின்றது! நன்னூற் பாயிரம் காண்டிகையுரைக்கு இலக்கணமே வகுத்துள்ளது. கருத்து, சொற்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை என்பன அதன் உறுப்புகள். நிரலுக்கு இவை அப்படியே பொருந்தும். பகுதியின் செயலைக் கருத்தாக முதல் வரியில் கூறுக. பெறுவனவும் தருவனவும் சொற்பொருளாக அமைக. இயக்கிக் காட்டும் சான்று எடுத்துக்காட்டாகுக. பிழை நேரின் என் செய்வது என்பது வினாவும் விடையுமாகுக. மேலைநாட்டார் அண்மையிற் கண்ட ஒழுங்கைப் பவணந்தியார் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே உரைத்துவிட்டார்.

கருவி இடந்தரவில்லை என்னும் சாக்கும் செல்லாது. 2008-இல் வந்த மூன்றாம் பைத்தான் பதிப்பு, நிரலிற் பெயர்களையே தமிழெழுத்தில் எழுத இடந்தந்தது. ‘எழில்’ நிரல்மொழியோ ‘பதிப்பி’, ‘ஆனால்’, ‘முடி’ எனக் கட்டளைச் சொற்களையே தமிழிற் கொண்டது. தடை கருவியில் இல்லை, நெஞ்சில் இருக்கின்றது.

இதனால் இழப்போர் யார்? முத்துக்குளித்துறைப் பரதவர் வீட்டுப் பெண், தமிழ்வழியே பயின்று, கணக்கில் தேர்ந்து, கூட்டுப்பணியிற் சேர வருகின்றாள். நிரலின் ஏரணம் அவளுக்கு விளங்கும். ஆங்கில உரையோ அவளை வாயிலிலேயே நிறுத்துகின்றது. போர்த்துக்கீசியரான அண்டிரிக் அடிகளார் இக்கரைக்கு வந்து, தம் சமயத்தைப் பரப்பவே தமிழ் கற்றார். 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்க’த்தைத் தமிழில் அச்சேற்றினார். பரதவரிடம் பேசத் தமிழே வேண்டும் என அயலான் உணர்ந்தான். தமிழன் உணர்ந்திலன்!

தமிழுக்கான ஒவ்வொரு கூட்டு மென்பொருளும் தன் முதல் விதியாக இதனை எழுதுக: உரை தமிழிலேயே அமையும், காண்டிகை முறையே அதன் நடை, கலைச்சொற்கு ஒரே பட்டியல். அயலார்க்கு வேண்டின் மொழிபெயர்ப்புத் தனியே செல்க.

1974-இல் பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக்கோட்டை எழுந்தது. கல்லை அடுக்கிவிட்டால் போதுமா? ஏட்டினின்று துடைக்கப்பட்டதை ஏட்டிலன்றோ மீட்க வேண்டும்! தமிழில் ஆக்குக! தமிழில் விளக்குக!