மறுபடியும் ஒரு சிலந்திக் கடி!

நல்லா ஓடிக்கொண்டிருக்கும் சரக்கை 'கெட்டுப்போச்சு' என்று கணக்கில் எழுதித் தள்ளும் முதலாளியை எங்காவது பார்த்ததுண்டா மக்களே? பி.காம் முதல் வருடப் பையனிடம் கேட்டால்கூட சிரிப்பான். வாராக்கடனைத்தான் தள்ளுபடி செய்வார்கள். ஒழுங்காக வட்டி கட்டும் ஆளைத் தேடிப்போய் "உன் கணக்கை மூடிட்டேன்" என்று எந்த பேங்கும் சொல்லாது. 2010 ஜனவரியில் சோனி பிக்சர்ஸ் சொன்னது. கணக்கு மூடப்பட்ட ஆள், ஸ்பைடர்மேன்.

சாம் ரெய்மி இயக்கி டோபி மேக்வைர் நடித்த முதல் படம் 2002-ல் வந்தது. முதல் மூன்று நாளில் அமெரிக்காவில் மட்டும் 11 கோடி டாலருக்கு மேல் அள்ளியது. ஒரே வார இறுதியில் 10 கோடி டாலரைத் தாண்டிய முதல் படம் அதுதான். உலகம் முழுக்க சுமார் 82 கோடி. 2004-ல் வந்த இரண்டாம் பாகம் சுமார் 78 கோடி. 2007-ல் வந்த மூன்றாவது... அந்தப் படத்தை எல்லோரும் திட்டித் தீர்த்தார்கள். நெற்றியில் முடியைத் தொங்கவிட்டுக்கொண்டு பீட்டர் பார்க்கர் தெருவில் ஆடும் டான்ஸை இன்றைக்கும் கிண்டல் அடிக்கிறார்கள். ஆனால் வசூல் சுமார் 89 கோடி, மூன்றிலும் அதிகம்! நான்காம் பாகத்துக்கு 2011 மே மாதம் என்று தேதியும் குறித்தாகிவிட்டது. கதை திருப்தியாக வரவில்லை, அந்தத் தேதிக்கு நல்ல படம் கொடுக்க முடியாது என்று ரெய்மி ஒதுங்கினார். உடனே மொத்தத்தையும் கலைத்துப் போட்டுவிட்டு, பீட்டரை மறுபடி பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் போவதாக அறிவிப்பு வந்தது. புது இயக்குநர் மார்க் வெப் (பெயரிலேயே வலை வைத்திருக்கிறார்!), புது ஹீரோ ஆண்ட்ரூ கார்ஃபீல்ட். 'தி அமேசிங் ஸ்பைடர்மேன்' 2012-ல் வெளியானது.

"அஞ்சு வருஷத்துல மறுபடியும் முதல்லேர்ந்தா? ரொம்ப சீக்கிரம்!" என்பது அன்றைக்கு ரசிகர்கள் போட்ட கூச்சல். இன்றைக்கும் அந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அதே பல்லவிதான். அது தப்பான குற்றச்சாட்டு. 2014-ல் இதன் இரண்டாம் பாகம் வந்தது. வெறும் மூன்றே வருடத்தில், 2017-ல், டாம் ஹாலண்டை வைத்து 'ஹோம்கமிங்' வந்தது. மூன்றாவது ஸ்பைடர்மேன், அதுவும் இன்னும் சீக்கிரமாக! ஜனங்கள் முகம் சுளித்தார்களா? சுமார் 88 கோடி டாலர் கொடுத்துப் பார்த்தார்கள். 'சீக்கிரம்' என்பது பிரச்சினையாக இருந்தால் ஹோம்கமிங் அல்லவா மண்ணைக் கவ்வியிருக்க வேண்டும்?

இன்னொரு கோஷ்டி உண்டு. "2002-ல் பிறந்த குழந்தைக்கு 2012-ல் பத்து வயது, அதற்கு ஒரு ஸ்பைடர்மேன் வேண்டாமா?" என்பார்கள். வேண்டும்தான், நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் குழந்தைக்காகத்தான் படம் எடுக்கப்பட்டது என்று நம்புவதற்கு காது நிறைய பூ வேண்டும்.

மார்வெல் 1996 கடைசியில் திவாலாகி நீதிமன்றப் படி ஏறிய கம்பெனி. அந்தக் கஷ்ட காலத்தில் கையில் இருந்த ஹீரோக்களை ஆளுக்கொரு ஸ்டுடியோவுக்குக் குத்தகைக்கு விட்டது. ஸ்பைடர்மேனின் சினிமா உரிமை 1999-ல் சோனிக்குப் போனது. குத்தகை என்றால் கெடு இருக்குமே? 2014 கடைசியில் சோனியின் கம்ப்யூட்டர்களை யாரோ உடைத்து உள்ளே புகுந்தார்கள் அல்லவா, அதில் கசிந்தவற்றில் 2011-ல் திருத்தி எழுதிய ஒப்பந்தமும் ஒன்று. ஒரு படம் வெளியான 3 வருடம் 9 மாதத்துக்குள் அடுத்த படத்தின் தயாரிப்பைத் தொடங்க வேண்டும், 5 வருடம் 9 மாதத்துக்குள் வெளியிட வேண்டும், இல்லையென்றால் உரிமை போச்சு என்பது அதிலுள்ள விதி. இதே விதியை 2007 மே மாதத்திலிருந்து போட்டுப் பாருங்கள். 2011 பிப்ரவரிக்குள் கேமரா சுற்ற வேண்டும். புதுப் படத்தின் ஷூட்டிங் தொடங்கியது 2010 டிசம்பர்! ரெய்மி கேட்டது நேரம். சோனியால் கொடுக்க முடியாததும் அது ஒன்றுதான்.

இதில் சோனி மட்டும் வில்லன் கிடையாது. 1994-ல் ரோஜர் கோர்மன் தயாரிப்பில் ஒரு 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' சுமார் 10 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டு, கடைசிவரை தியேட்டருக்கே வரவில்லை. உரிமை கைநழுவாமல் இருப்பதற்காகவே அவசர அவசரமாக எடுத்த படம் அது. அதில் நடித்தவர்கள் பாவம், ரிலீஸ் ஆகும் என்று நம்பி சொந்த முயற்சியில் விளம்பரத்துக்கெல்லாம் அலைந்தார்கள்.

சரி, கெடுவுக்காக எடுத்ததாகவே இருக்கட்டும். நல்ல படமாக எடுத்திருந்தால் யாருக்கு என்ன? கார்ஃபீல்ட் நல்ல நடிகர். எம்மா ஸ்டோனோடு அவர் திக்கித் திணறிப் பேசும் காட்சிகள் ரெய்மி படங்களில்கூட இல்லாத அழகு. காமிக்ஸில் இருப்பதுபோல மணிக்கட்டில் மாட்டும் வலை இயந்திரம் வேண்டும் என்று பத்து வருடமாக முனகிய தீவிர ரசிகர்களுக்கு அதுவும் கிடைத்தது. கோளாறு வேறு இடத்தில். விளம்பரத்தில் கூவி விற்றது 'இதுவரை சொல்லாத கதை'. பீட்டரின் அப்பா அம்மா ஏன் காணாமல் போனார்கள், அவன் உடம்பில் இருப்பது விபத்தா அல்லது யாரோ திட்டமிட்டதா என்று டிரெய்லர் முழுக்க பில்டப். உனக்கு நடந்தது விபத்து என்றா நினைக்கிறாய் என்கிற பாணியில் ஒரு வசனம் டிரெய்லரில் உண்டு, படத்தில் இல்லை! வெட்டிவிட்டார்கள். தியேட்டரில் கிடைத்ததோ மறுபடியும் சிலந்தி கடி, மறுபடியும் பென் மாமா சாவு, மறுபடியும் சுவரில் ஒட்டிப் பழகுவது. சொல்லாத கதையை நிஜமாகவே சொல்லாமல் விட்ட நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

இந்திய ரசிகர்களுக்கு இதில் தனி அல்வா. அமெரிக்காவுக்கு முன்பே 2012 ஜூன் 29-ல் இங்கே ரிலீஸ், கூடவே இர்ஃபான் கான் வேறு இருக்கிறார் என்று ஆவலாகப் போனார்கள். அவர் காரில் ஏறி பாலத்துக்குப் போவார், பல்லி மனிதன் வந்து கார்களைத் தூக்கி எறிவான். அதற்கப்புறம் மனுஷன் என்ன ஆனார் என்று படத்தில் யாருக்கும் கவலை இல்லை. அவர் சாகும் காட்சி எடுக்கப்பட்டு, கத்தரிக்கப்பட்டு, டிவிடியில் தனியாகக் கிடந்தது. அவ்வளவு பெரிய நடிகருக்கு ஒரு சாவைக்கூட உருப்படியாகக் கொடுக்கவில்லை.

இதே வேலையை ஒழுங்காகச் செய்த ஆள் இல்லையா? கிறிஸ்டோபர் நோலன் இருக்கிறாரே. 1997-ல் வந்த 'பேட்மேன் அண்ட் ராபின்' அந்தத் தொடரையே குழியில் போட்டு மூடியது. அதாவது நிஜமான வாராக்கடன். எட்டு வருடம் கழித்து 2005-ல் 'பேட்மேன் பிகின்ஸ்' வந்தபோது ரசிகர்கள் நம்பி ஓடிவரவில்லை. வசூல் சுமார் 37 கோடி டாலர், ஸ்பைடர்மேனின் பாதிகூட இல்லை. படம் பார்த்தவன் பார்க்காதவனிடம் சொன்னான். 2008-ல் 'தி டார்க் நைட்' 100 கோடியைத் தொட்டது. அங்கே படம் முதலில் வந்தது, எதிர்பார்ப்பு பிறகு வந்தது. ஸ்பைடர்மேன் விஷயத்தில் எதிர்பார்ப்பை வைத்து முன்பணம் வாங்கிவிட்டு, சரக்கை அப்புறம் தேடினார்கள்.

ரசிகர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 2011 ஜூலையில் சான் டியாகோ காமிக்-கான் விழாவில், மட்டமான ஸ்பைடர்மேன் உடுப்பு போட்ட ஒரு பையன் கூட்டத்தில் மைக் முன்னால் வந்து நின்றான். முகமூடியைக் கழற்றினால் கார்ஃபீல்ட்! சின்ன வயதிலிருந்து ஸ்பைடர்மேன் தனக்கு என்னவாக இருந்தான் என்று எழுதி வைத்திருந்ததை நடுங்கும் குரலில் படித்தார். அந்த மனுஷனின் பிரியம் பொய் இல்லை. ஆனால் அன்றோடு 'ரொம்ப சீக்கிரம்' கூச்சலில் பாதி அடங்கிப்போனது. நடிகர் ரசிகர் என்றால் படமும் ரசிகர்களுக்கான படம்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். சமையல்காரருக்குப் பிரியாணி பிடிக்கும் என்பதற்காக யாராவது சாப்பிடாமலே காசை வைத்துவிட்டு வருவார்களா?

75 கோடி டாலருக்குப் பக்கம் வந்தது. தோல்வி என்று சொல்ல முடியாது. அதுதான் வினையாகப் போயிற்று. 2014-ல் இரண்டாம் பாகத்துக்குள் எலக்ட்ரோ, ஹாரி ஆஸ்பார்ன், ரைனோ என்று அடைத்து, அதற்குமேல் இன்னும் நான்கைந்து படங்களுக்கான விளம்பரத்தையும் திணித்தார்கள். டிரெய்லரில் கர்ஜித்த ரைனோ படம் முடியப்போகும்போது எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். எழுத்து ஓடும்போது ஏதாவது வரும் என்று உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கிடைத்தது வேறொரு கம்பெனியின் எக்ஸ்-மென் படத்துக் காட்சி! வசூல் சுமார் 70 கோடிக்கு இறங்கியது. 2015 பிப்ரவரியில் சோனி மார்வெலோடு கைகோத்தது. அறிவித்த மூன்றாம் பாகம், நான்காம் பாகம் எல்லாம் குப்பைக்கூடைக்கு. க்வென் செத்த துக்கத்தோடு நின்ற அந்தப் பீட்டர் பார்க்கரின் கதை பாதியிலேயே முடிந்தது. 'ஹோம்கமிங்' அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சிலந்தி கடியையும் மாமா சாவையும் மறுபடி காட்டவில்லை. ஐந்து படம் கழித்து அதையாவது கற்றுக்கொண்டார்கள்.

2021 டிசம்பரில் 'நோ வே ஹோம்'. மூன்று ஸ்பைடர்மேன்களும் ஒன்றாக. கீழே விழும் எம்ஜேவை கார்ஃபீல்ட் பாய்ந்து பிடித்து, தரையில் நின்று கண் கலங்கும் காட்சியில் தியேட்டரே கலங்கியது. ஏழு வருடத்துக்கு முன் க்வென்னைப் பிடிக்க முடியாமல் போனவன், இந்த முறை பிடித்துவிட்டான். அவன் கதையை நடுத்தெருவில் விட்ட அதே சோனிதான் அந்தப் படத்தையும் வெளியிட்டது. வசூல் சுமார் 190 கோடி டாலர்.