கைமாறும் பெட்டிகள்

நமது நாட்டில் அரசாங்கத் திணைக்களம் ஒன்றே புகையிரதப் பாதைகளை ஆள்வதால், ஒரு பெட்டி ஓர் ஆட்சியை விட்டு மற்றோர் ஆட்சிக்குட் புகும் காட்சி நமக்குப் பழக்கமன்று. ஐக்கிய அமெரிக்காவிலோ அது நாள்தோறும் நிகழ்கின்றது. முதல் வகுப்பைச் சேர்ந்த பெருங் கம்பனிகள் அங்கே 6. அவற்றுள் 2 கனடாவைத் தலைமையிடமாகக் கொண்டவை. இவற்றைச் சார்ந்து ஏறத்தாழ 600 சிறு கம்பனிகளும் பிரதேசக் கம்பனிகளும் வாழ்கின்றன.

ஒரு சிற்றூர்க் களஞ்சியத்தில் ஏற்றிய கோதுமை முதற் சில மைல்களைச் சிறு கம்பனியின் பாதையிலே கடக்கும்; சந்தியிலே பெட்டி பெருங் கம்பனியிடம் ஒப்படைக்கப்பட்டுத் துறைமுகம் நோக்கிச் செல்லும். தண்டவாளத்தின் அகலம் இரு பாதையிலும் 4 அடி 8½ அங்குலமே. ஆகவே தானியத்தை இறக்கி ஏற்றவேண்டிய தொல்லை இல்லை. கூலி ஒப்பந்தப்படி பங்கிடப்படும். பிற கம்பனிக்குரிய பெட்டி தன் எல்லையில் நிற்கும் காலத்துக்கு வாடகை செலுத்த வேண்டுமாதலால், அதனை விரைவில் அனுப்பிவிடவே ஒவ்வொரு கம்பனியும் விரும்பும்.

இச் சிறு கம்பனிகளுட் பல 1980ஆம் ஆண்டின் ஸ்டாகர்ஸ் சட்டத்துக்குப் பின் தோன்றியவை. அதற்கு முன் கூலி விகிதங்களை அரசாங்க ஆணைக்குழு இறுகப் பிடித்திருந்தது. பென் சென்றல் போன்ற பெருங் கம்பனியே 1970இல் முறிந்தது. புதிய சட்டம் கட்டுகளைத் தளர்த்தவே, ஆதாயங் குறைந்த கிளைப் பாதைகளை விற்கவும் குத்தகைக்கு விடவும் பெருங் கம்பனிகள் முற்பட்டன. 1987இல் விஸ்கொன்சின் சென்றல் இவ்வாறு பிறந்தது. அதே ஆண்டில் மொன்றானா ரெயில் லிங்க், பேர்லிங்டன் நோதேர்ன் கம்பனியிடமிருந்து ஏறக்குறைய 900 மைல் பாதையைப் பெற்றது. அதிற் பெரும்பகுதி குத்தகை. இத்தகைய கைமாற்றம் இல்லாதிருந்தால் பல கிளைப் பாதைகளின் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டிருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை.

ஆயினும், கொடுத்த கை முற்றாக விட்டுவிடவில்லை. பெட்டிகளை எனக்கே ஒப்படைக்க வேண்டும், வேறு கம்பனிக்குக் கொடுத்தால் குத்தகைப் பணம் உயரும் என்றவாறான நிபந்தனைகள் பல ஒப்பந்தங்களில் இடம்பெற்றன. அங்குள்ளோர் இதனைக் 'காகிதத் தடை' என்பர். தண்டவாளங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். தாள் குறுக்கே நிற்கும். உழவனின் கண்ணுக்கு இரண்டு வழிகள். கைக்கு எட்டுவது ஒன்றே. பாதையை மலிவாகக் கொடுத்ததே அப் பாதையின் பெட்டிகள் தம்மிடம் வரும் என்ற நம்பிக்கையினாற்றான் என்று பெருங் கம்பனிகள் வாதிக்கின்றன. அவ்வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் மலிவாகக் கொடுத்த விலைக்கு ஈடு கிடைத்த பின்னரும் தடை நீடிக்குமாயின், அதனைக் கூட்டுறவு என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

சிறியவற்றின் ஆயுளும் பெரியவற்றின் கையிலேயே இருக்கின்றது. விஸ்கொன்சின் சென்றலை 2001இல் கனேடியன் நாஷனல் வாங்கியது. மொன்றானாக் குத்தகையை முன்கூட்டியே முடித்துக்கொள்ளப் பேர்லிங்டனின் வழிவந்த பி.என்.எஸ்.எப். கம்பனி 200 கோடி டொலர் கொடுக்க 2022இல் இசைந்தது. 2024 ஜனவரி முதலாந் திகதி அப் பாதை பழைய வீட்டுக்கே திரும்பிற்று.

2025 ஜூலையில் யூனியன் பசிபிக் கம்பனி, நோபோக் சதேர்ன் கம்பனியை ஏறத்தாழ 8,500 கோடி டொலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. பசிபிக் கரை முதல் அத்திலாந்திக் கரை வரை ஒரே கம்பனி. சிக்காகோ போன்ற இடங்களிற் கைமாற்றுவதால் ஏற்படும் தாமதம் தொலையும் என்பது அவர்கள் வாதம். தாமதம் உண்மையான நட்டமே. எனினும் கைமாற்றும் இடந்தான் சரக்கின் சொந்தக்காரன் 'இந்த வழியா, அந்த வழியா' என்று கேட்கக்கூடிய இடமுமாகும். பெருங் கம்பனிகளின் இணைப்பு போட்டியை வளர்க்க வேண்டும் என்பது தரைப் போக்குவரத்துச் சபை 2001இல் வகுத்த விதி. அவ்விதியின் உயிரை அளக்க நான் ஒரு கேள்வியையே கேட்பேன்: சிற்றூரிலிருந்து புறப்படும் கோதுமைப் பெட்டியை, சந்தியிலே யாரிடம் ஒப்படைப்பது என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு?